லேப்ல தப்பா வந்த நம்பரை அழிக்காதீங்க

இரண்டாவது செமஸ்டர் தொடங்குற நேரம் இது. கெமிஸ்ட்ரி லேப் எடுக்கப்போற பிள்ளைங்களுக்குச் சுத்தி இருக்கிறவங்க சொல்ற முதல் அறிவுரை என்ன தெரியுமா? "சீனியர்கிட்ட போன வருஷ ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி வெச்சுக்கோ." பாதுகாப்புக் கண்ணாடி இருக்கா, லேப் கையேட்டைப் படிச்சியான்னு கேக்குறவங்க குறைவு. பழைய ரிப்போர்ட்ல 'சரியான' நம்பர் இருக்கு, அதனால அதுதான் முதல் தேவை. நம்ம கையில வேற நம்பர் வந்தா, அந்த நம்பர் பக்கமா நம்மளோடதைக் கொஞ்சம் நகர்த்திக்கலாம். அன்போட சொல்ற அறிவுரைதான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா கேக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருது. கோபம் பிள்ளைங்க மேல இல்ல. புத்தக விடைக்குப் பக்கத்துல வந்தா மார்க், தள்ளிப்போனா வெட்டுன்னு வெச்சிருக்கிற மதிப்பெண் முறை மேலதான். என் கட்சி இதுதான்: இரண்டாவது செமஸ்டர் லேப்ல மார்க் விடைக்குப் போகக்கூடாது. வந்த விடை ஏன் அப்படி வந்துச்சுன்னு கணக்குப் போட்டுக் காட்டுறதுக்குப் போகணும்.

ஏன் குறிப்பா இரண்டாவது செமஸ்டர்? கெப்பாளா பத்தாஸ்ல இருக்கிற பினாங்கு மெட்ரிகுலேஷன் கல்லூரி மாதிரி ஒரு வருஷத்தை ரெண்டு செமஸ்டரா பிரிக்கிற இடமானாலும், பல்கலைக்கழகத்துல முதல் வருஷம் எடுக்கிற பொது வேதியியலானாலும், பாடம் பெரும்பாலும் ஒரே வரிசையிலதான் போகுது. முதல் பாதியில அணு, மோல், பிணைப்பு. லேப்லயும் 'எவ்வளவு இருக்கு'ங்கிற கேள்விதான் அதிகம். நிறை எவ்வளவு, செறிவு எவ்வளவு, இப்படி. இரண்டாவது பாதியில வினைவேகம், வெப்ப வேதியியல், மின்வேதியியல் வந்துடும். இங்க கேள்வியே மாறிப்போகுது. எவ்வளவு வேகமா? எவ்வளவு சூடு? எத்தனை வோல்ட்? இந்தக் கேள்விகளுக்கு அறையைப் பொறுத்து, அன்னிக்கு இருந்த வெப்பநிலையைப் பொறுத்து, கரைசலோட வயசைப் பொறுத்துதான் பதில் வரும். எல்லா ஊருக்கும் எல்லா நாளுக்கும் பொதுவா ஒரே நம்பர்னு ஒண்ணு கிடையாது. அதுக்கு மேலயும் 'சரியான நம்பர்' கேட்டு மார்க் வெச்சா, இல்லாத ஒண்ணைத் தயாரிச்சுக் கொடுங்கன்னு பிள்ளைங்களைக் கேக்குறோம்னு அர்த்தம்.

சோடியம் தயோசல்பேட் கரைசல்ல அமிலம் ஊத்தி, கந்தகம் படிஞ்சு கலங்கி, அடியில வெச்ச காகிதத்துல இருக்கிற பெருக்கல் குறி மறையுற நேரத்தைக் கணக்கெடுக்கிற சோதனையை எடுத்துக்கோங்க. பெரும்பாலான புத்தகத்துல 25 டிகிரினு போட்டிருக்கும். பினாங்குல பகல்ல 25 டிகிரிங்கிறது பெரும்பாலும் ஏர்கண்டிஷன் ஓடுற அறையிலதான். அது பழுதாகி ஜன்னலைத் திறந்து வெச்சா, தண்ணீர்மலை அடிவாரத்துல இருக்கிற எந்த அறையும் மத்தியானத்துல 30 டிகிரியைச் சுலபமா தாண்டும். 1889-ல அர்ஹீனியஸ் கொடுத்த சமன்பாட்டுல, கிளர்வு ஆற்றல் மோலுக்கு 50 கிலோஜூல்னு வெச்சு 25-க்கும் 30-க்கும் கணக்குப் போட்டுப் பாருங்க. வினைவேகம் ஏறக்குறைய 40 சதவீதம் கூடிடும். வெறும் அஞ்சு டிகிரிக்கு! அதாவது, குளிரூட்டின லேப்ல செஞ்ச சீனியரோட நேரத்தை, ஜன்னல் திறந்த லேப்ல செஞ்ச ஜூனியர் எழுதினா, அவர் எழுதினது இயற்கைக்கே முரணானது. தன் கையில வந்த நேரத்தை அப்படியே எழுதி, "அறை 30 டிகிரி"னு ஒரு வரி சேர்த்திருந்தா, அவர்தான் அர்ஹீனியஸைப் புரிஞ்சுக்கிட்டவர். இப்ப இருக்கிற முறையில யாருக்கு மார்க் கிடைக்கும்?

இது வெப்பநிலையோட நிக்கல. ஹைட்ரஜன் பெராக்சைடு தானாவே சிதையுற பொருள், சூட்டுல இன்னும் வேகமா சிதையும். சோடியம் ஹைட்ராக்சைடு காத்துல இருக்கிற கரியமில வாயுவை இழுத்துக்கும். திங்கட்கிழமை லேப் உதவியாளர் தயாரிச்சு வெச்ச கரைசலை வெள்ளிக்கிழமை குழு பயன்படுத்துனா, புட்டியில ஒட்டியிருக்கிற செறிவும் உள்ளே இருக்கிற செறிவும் ஒண்ணா இருக்கணும்னு இல்ல. தண்ணியோட கடினத்தன்மையை ஈ.டி.டி.ஏ. வெச்சு அளக்கிற சோதனையிலயும் இதே கதைதான். பினாங்குத் தீவோட மலைகள் கிரானைட் பாறை. கிரானைட்ல வடியுற தண்ணியில கால்சியம் கம்மி. அங்கிருந்து வடக்கே போய், சுண்ணாம்புக்கல் குன்றுகள் நிறைஞ்ச பெர்லிஸ்ல எடுத்த தண்ணியில நிறைய இருக்கும். ரெண்டு ஊர் பிள்ளைங்களும் ஒரே விடை எழுதினா, யாரோ ஒருத்தர் தண்ணியை அளக்கவே இல்லைனு அர்த்தம். (இன்னொரு நாட்டுக் கையேட்டுல இருக்கிற மாதிரி விடையைப் பாத்து எழுதுறது எவ்வளவு ஆபத்துன்னு இதுல இருந்தே தெரிஞ்சுக்கலாம்.)

உடனே ஒரு கேள்வி வரும். "அப்போ எந்த நம்பர் வந்தாலும் சரியா? சோம்பேறிகளுக்கு இது வசதியாப் போயிடாதா? 'வெப்பம் வெளியேறிடுச்சு', 'மனிதத் தவறு'ன்னு ரெண்டு வரி எழுதிட்டு மார்க் வாங்கிட்டுப் போயிடுவாங்களே?" நியாயமான பயம். நான் கேக்குறது அந்த ரெண்டு வரியை இல்ல. காரணம்னு எதைச் சொன்னாலும் அது ரெண்டு பரீட்சையில தேறணும். எந்தத் திசையில தள்ளுச்சு? எவ்வளவு தூரம் தள்ளுச்சு? நடுநிலையாக்கல் சோதனையையே பாப்போம். 50 மி.லி. ஒரு மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம், 50 மி.லி. ஒரு மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு, ஒரு பாலிஸ்டைரீன் கப். மோலுக்கு ஏறக்குறைய 57 கிலோஜூல் வெளிவரணும். இங்க வினைபுரியுறது 0.05 மோல், அதனால 2.85 கிலோஜூல் சொச்சம். 100 கிராம் கரைசலை அது 6.8 டிகிரி சூடாக்கணும். மாணவர் 6.2 டிகிரிதான் பாத்தார், விடை மோலுக்கு 52 கிலோஜூல் பக்கம் வந்துச்சு. இப்ப அவர் என்ன எழுதணும்? "காணாமப்போனது 0.6 டிகிரி, அதாவது சுமார் 250 ஜூல். என் வெப்பமானியில அரை டிகிரிக்கு மேல நுணுக்கமா படிக்க முடியாது. ஆக, இந்த வித்தியாசத்தோட பெரும்பகுதி வெப்பமானியோட எல்லைக்குள்ளயே வந்துடுது. மீதிக்குத்தான் காத்துக்குப் போன வெப்பத்தைச் சொல்ல முடியும்." இப்படி எழுத பழைய ரிப்போர்ட் எதுவும் உதவாது. அது அவரோட வெப்பமானி, அவரோட 0.6 டிகிரி.

அதே சோதனையில இன்னொருத்தருக்கு 61 வருதுன்னு வெச்சுக்கோங்க. அவரும் பழக்கத்துல "வெப்பம் வெளியேறிடுச்சு"ன்னு எழுதினா, பூஜ்யம் போடுங்க. தாராளமா போடுங்க. வெப்பம் வெளியே போனா விடை குறையும், கூடாது. கூடினதுக்கு வேற காரணம் தேடணும். சோடியம் ஹைட்ராக்சைடு தண்ணியில கரையும்போது சூடாகும். கரைசலை அப்பத்தான் தயாரிச்சு, அது ஆறறதுக்குள்ள ஊத்தினாங்களா? அமிலத்தோட வெப்பநிலையை மட்டும் பாத்துட்டு, காரத்தோடதைப் பாக்காம விட்டாங்களா? இந்த மாதிரிக் கேள்வி கேக்கத் தெரிஞ்ச பிள்ளைக்கு வெப்ப வேதியியல் புரிஞ்சிருக்குன்னு அர்த்தம். ஆகவே நான் சொல்ற முறை சோம்பேறிக்குச் சாதகம் இல்ல. சரியான விடையைப் பாத்து எழுதுறதை விட இது ரொம்பக் கஷ்டம்.

வேதியியலோட வரலாறே இதுக்குச் சாட்சி. 1892-ல ராலே பிரபு நைட்ரஜனோட அடர்த்தியை அளந்துக்கிட்டு இருந்தார். காத்துல இருந்து ஆக்சிஜனை நீக்கி எடுத்த நைட்ரஜன் ஒரு எடை, அம்மோனியாவை வெச்சுத் தயாரிச்ச நைட்ரஜன் வேற எடை. முதல்ல வித்தியாசம் ஆயிரத்துல ஒரு பங்குதான். நம்ம லேப்ல ஆயிரத்துல ஒரு பங்கு வந்தா கொண்டாடுவோம். அவர் என்ன செஞ்சார்னா, அந்த வித்தியாசத்தை மூடி மறைக்கப் பாக்கல. வாயு முழுக்க அம்மோனியாவுல இருந்தே வர்ற மாதிரி முறையை மாத்தி, வித்தியாசத்தை இன்னும் பெருசாக்கிப் பாத்தார். அது இருநூறுல ஒரு பங்கா வளந்துச்சு. ஒரே கண்ணாடிக் குடுவையில காத்து நைட்ரஜன் 2.310 கிராம், ரசாயன நைட்ரஜன் 2.299 கிராம். "யாருக்காவது காரணம் தெரியுமா?"ன்னு 'நேச்சர்' பத்திரிகைக்குக் கடிதமே எழுதினார். வேதியியலாளர் ராம்சேயும் அவரும் சேர்ந்து 1894-ல ஆர்கானைக் கண்டுபிடிச்சதுக்கு அந்த 0.011 கிராம்தான் காரணம். நாம மூச்சு விடுற காத்துல நூத்துல ஏறக்குறைய ஒரு பங்கு இருக்கிற வாயு, அதுவரைக்கும் யாராலயும் அடையாளம் காணப்படாம இருந்துச்சு. 1904-ல ராலேக்கு இயற்பியல் நோபல், ராம்சேக்கு வேதியியல் நோபல். ராலே தன் நம்பரைப் பழைய நம்பர் பக்கம் நகர்த்தியிருந்தா?

"அதெல்லாம் மேதைகளுக்கு. நம்ம பிள்ளைங்க லேப் செய்றது வகுப்புல படிச்ச தியரியை மனசுல பதிய வைக்கத்தானே?" இதுதான் நான் அதிகம் கேட்ட எதிர்வாதம். கேக்க நல்லா இருக்கு, ஆனா ஆதாரம் ஒத்துழைக்கல. ஆய்வாளர் நடாஷா ஹோம்ஸும், நோபல் வாங்கின கார்ல் வீமனும் கூட்டாளிகளோட 2017-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. மூணு கல்வி நிறுவனம், ஒன்பது பாடவகுப்பு. தியரியைப் பதிய வைக்கணும்னே வடிவமைச்ச லேப் எடுத்தவங்களும் எடுக்காதவங்களும் தேர்வுல அந்தக் கேள்விகளுக்கு எப்படி பதில் சொன்னாங்கன்னு ஒப்பிட்டாங்க. லேபால கிடைச்ச லாபம், அளந்து காட்டுற அளவுக்குக் கூட இல்ல. அதே ஹோம்ஸ், வீமன், டக் பான் மூணு பேரும் 2015-ல இன்னொண்ணைக் காட்டியிருந்தாங்க. தன் அளவீட்டைத் திரும்பத் திரும்ப ஒப்பிட்டு, முறையைத் திருத்தச் சொல்லிக் கொடுத்த குழு, மத்த குழுவை விட 12 மடங்கு அதிகமா தானாவே சோதனை முறையைத் திருத்த முன்வந்துச்சு. தன் தரவை வெச்சு ஒரு கோட்பாட்டோட எல்லையைக் கண்டுபிடிச்சு விளக்குறதுல 4 மடங்கு முன்னாடி இருந்துச்சு. ரெண்டுமே இயற்பியல் லேப்தான், வேதியியல் இல்லைனு நீங்க சொல்லலாம். சரிதான். ஆனா தயோசல்பேட் நேரத்தை அளக்கிறதும் ஊசல் நேரத்தை அளக்கிறதும் இந்த விஷயத்துல ஒரே வேலைதான். வேதியியல் பக்கம் பாத்தா, ஆய்வாளர்கள் டிகோர்வரும் டவுன்ஸும் 2015-லயே பொது வேதியியல் மாணவர்களோட லேப் இலக்கு என்னன்னு ஆராய்ஞ்சாங்க. சீக்கிரம் முடிச்சுட்டுப் போறது, நல்ல கிரேடு வாங்குறது, இதுதான் முன்னாடி நின்னுச்சு. விடைக்கு மார்க் வெச்சா, சீக்கிரம் முடிக்க ஒரே வழி விடையை முன்கூட்டியே வெச்சுக்கிறதுதான். பிள்ளைங்க புத்திசாலிங்க, நாம வெச்ச விதிக்கு ஏத்த மாதிரி நடந்துக்கிறாங்க.

ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழகத்தோட ஸ்டீஃபன் ஹாக்ஸ் 2004-ல ஒரு படி மேலயே போயிட்டார். வேதியியலை முக்கியப் பாடமா எடுக்காதவங்களுக்கு லேப் எதுக்கு, அதுக்கு ஆகுற செலவுக்கும் நேரத்துக்கும் தகுந்த பலன் இருக்கான்னு கேட்டார். கையேட்டைப் பாத்து வரிக்கு வரி செஞ்சு, தெரிஞ்ச விடைக்குப் போய்ச் சேர்ற லேப்னா, அவர் சொல்றது சரின்னு ஒத்துக்கணும். 2020 மார்ச் 18-ல மலேசியாவுல கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து கல்லூரிகள் மூடினப்ப, திரையில சோதனை செய்யுற மென்பொருள்கள் அந்த வேலையைப் பாத்துக்கிச்சு. ஆனா மென்பொருள்ல பெராக்சைடு பழசாகாது, துத்தநாகத் தகட்டுல ஆக்சைடு படியாது, டேனியல் மின்கலம் தப்பாம 1.10 வோல்ட் காட்டும். நிஜ லேப்ல தகட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காம விட்டா எண் கீழ இறங்கும், தேய்ச்சா ஏறும். அந்த ஏற்ற இறக்கத்துலதான் படிப்பு இருக்கு. அதை ரிப்போர்ட்ல இருந்து அழிக்க வெச்சுட்டோம்னா, நிஜ லேபுக்குச் செலவு பண்றதுக்குக் காரணமே இல்லாமப் போயிடுது.

இப்ப நம்ம ஆளுங்களுக்கு நெருக்கமான ஒரு உதாரணம். ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டினவங்களோட கூலி, அவங்க கொண்டுவந்த பாலோட எடையை மட்டும் வெச்சு முடிவாகல. அந்தப் பால்ல எத்தனை சதவீதம் காய்ஞ்ச ரப்பர் இருக்குங்கிறதும் சேர்ந்துதான் முடிவாச்சு. நிறுவையில மெட்ரோலாக்னு ஒரு மிதவையைப் பால்ல விட்டுப் படிப்பாங்க. சீக்கிரம் முடியும், ஆனா துல்லியம் குறைவு. சரியா தெரியணும்னா ஆய்வுக்கூடத்துல கொஞ்சம் பாலை எடுத்து, அமிலம் விட்டு உறைய வெச்சு, தகடாக்கி, காய வெச்சு நிறுக்கணும். மிதவை 30 காட்டி, ஆய்வுக்கூடம் 32 காட்டுனா, 100 கிலோ பாலுக்கு 2 கிலோ ரப்பர் ஒருத்தரோட கணக்குல இருந்து காணாமப்போகுது. இந்த ரெண்டு நம்பரும் ஏன் ஒத்துப்போகலன்னு கேக்குற ஆள் வேணும். 'போன வாரமும் 30 தானே'ன்னு எழுதிட்டுப் போற ஆளால யாருக்கு நஷ்டம்னு நம்ம குடும்பங்களுக்கு விளக்கணுமா? இன்னிக்கு அந்தப் பால்மரம் வெட்டினவங்களோட பேரப்பிள்ளைங்க பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில தரக்கட்டுப்பாட்டு லேப்ல வேலை பாக்கலாம், குடிநீர் நிலையத்துல குளோரின் அளக்கலாம், மருந்து ஆலையில மாத்திரை சோதிக்கலாம். அங்கெல்லாம் பழைய நம்பரை எடுத்து எழுதுறதுக்குப் பேரு மோசடி.

அது எங்க கொண்டுபோய் விடும்னு பாக்க அமெரிக்காவோட மாசசூசெட்ஸ் மாநிலம் போதும். போதைப்பொருள் மாதிரிகளைச் சோதிக்கிற அரசு ஆய்வுக்கூட வேதியியலாளர் ஒருத்தர், பல மாதிரிகளைச் சோதிக்காமலே முடிவு எழுதினதா ஒத்துக்கிட்டார். 2013-ல அவருக்குச் சிறை. 2017-ல 21,000-க்கு மேற்பட்ட வழக்குகளை நீதிமன்றம் தள்ளுபடி செய்ய வேண்டியதாப் போச்சு. அவர் கல்லூரியில என்ன கத்துக்கிட்டார்னு நான் ஊகிக்கப் போறதில்ல. ஆனா அளக்காம எழுதுறதை ஒரு இளைஞர் முதல்தடவை எங்க பழகுவார்னு யோசிச்சா, முதல் வருஷ லேபைத் தவிர வேற இடம் எனக்குத் தெரியல.

"தொழிற்சாலையில துல்லியம் வேணும்தானே? விடைக்கு மார்க் இல்லைனா கை எப்படிப் பழகும்?" இந்த ஆட்சேபணையில பாதி உண்மை இருக்கு, அதை நான் ஏத்துக்கிறேன். பியூரெட்டைச் சரியா படிக்க, முடிவுப்புள்ளியில ஒரு சொட்டுல நிறுத்தக் கைப்பழக்கம் வேணும். அதுக்குத் தனியா ஒரு செய்முறைத் தேர்வு வையுங்க. செறிவு தெரியாத ஒரு கரைசலைக் கொடுங்க, விடைக்கு நெருக்கமா வர்றவங்களுக்கு மார்க் கொடுங்க. செமஸ்டர்ல ஒரு தடவை, கண்காணிப்போட. வாராவாரம் எழுதுற ரிப்போர்ட்ல அதைக் கலக்காதீங்க. கலந்தா என்ன ஆகும்? மூணு தரம்பார்த்தல்லயும் 24.60, 24.60, 24.60-ன்னு எழுதின தாள்தான் மேசைக்கு வரும். உண்மையா செஞ்ச பிள்ளையோட 24.60, 24.75, 24.65 அதுக்குப் பக்கத்துல மட்டமா தெரியும். துல்லியத்தைக் கேட்டு, கடைசியில பொய்யைத்தான் வாங்கிக்கிறோம்.

இதுல நம்ம பிள்ளைங்க நிலைமையை மறந்துட்டுப் பேசக்கூடாது. 2019-ல மெட்ரிகுலேஷன் இடங்களை 25,000-ல இருந்து 40,000 ஆக்கினப்பவும், பூமிபுத்ராவுக்கு 90 சதவீதம், மத்தவங்களுக்கு 10 சதவீதம்ங்கிற பிரிப்பு மாறல. எஸ்.பி.எம். தேர்வுல 10 ஏ-வும் அதுக்கு மேலயும் வாங்கினவங்களுக்கு இனம் பாக்காம இடம்னு அறிவிப்பு வந்தது 2024-லதான். உள்ளே போன பிறகும், மருத்துவமோ மருந்தியலோ கிடைக்கணும்னா ஒவ்வொரு புள்ளியும் கணக்கு. அந்த அழுத்தத்துல இருக்கிற பிள்ளையைப் பாத்து "நேர்மையா இரு, மார்க் போனாலும் பரவாயில்ல"ன்னு சொல்ல எனக்கு மனசு வரல, சொல்றது நியாயமும் இல்ல. நேர்மையா எழுதுறவங்களுக்கு நஷ்டம் வர்ற மாதிரி ஒரு மார்க் பட்டியலை வெச்சுட்டு, நேர்மையைப் பத்திப் பிரசங்கம் செய்யக்கூடாது. பட்டியலை மாத்தணும். அது விரிவுரையாளர் கையில இருக்கிற வேலை.

அவங்களுக்கு நேரம் இல்லைனு சொல்வாங்க. குழுகுழுவா மாணவர்கள், கட்டுக்கட்டா ரிப்போர்ட், புரியுது. ஆனா அந்தக் கட்டுல பாதிக்கு மேல என்ன இருக்கு? நோக்கம், தியரி, கருவிகள், செய்முறைன்னு கையேட்டுல இருந்து திரும்ப எழுதின பக்கங்கள். அதை வெட்டிடுங்க. ஒரே பக்கம் போதும். மேல அறை வெப்பநிலை, கரைசல் தயாரிச்ச தேதி, கருவியோட நுணுக்க அளவு. நடுவுல பேனாவால எழுதின மூல அளவீடு, திருத்தம் இருந்தா ஒரே கோடு போட்டு அடிச்சு, பக்கத்துல காரணம். கீழ புத்தக மதிப்புக்கும் தன் மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தோட திசை, அளவு, அதுக்கான கணக்கு. லேப் முடியுற நேரத்துல எல்லாக் குழுவோட விடையையும் வெண்பலகையில எழுதிட்டா இன்னும் நல்லது. இருபது விடை பக்கத்துல பக்கத்துல நிக்கும்போது, எது தனியா தள்ளி நிக்குதுன்னு வகுப்புக்கே தெரியும். அந்தக் குழுவைக் கூப்பிட்டு என்ன செஞ்சீங்கன்னு கேட்டா, அஞ்சு நிமிஷத்துல வினைவேகப் பாடம் முடிஞ்சிடும்.

இந்த வாரம் லேபுக்குள்ள போற பிள்ளைங்க முதல் நாளே மரியாதையா கையைத் தூக்கிக் கேளுங்க: "சார், புத்தக மதிப்பு வரலைன்னா, ஏன் வரலைன்னு கணக்கோட எழுதினா எத்தனை மார்க் கிடைக்கும்?" என்ன பதில் வந்துச்சுன்னு கீழ எழுதுங்க. நல்ல பதில் சொன்ன விரிவுரையாளரோட மார்க் பட்டியல் கிடைச்சா, அவங்க சம்மதத்தோட இங்க போடுறேன். மத்தவங்களுக்கும் எடுத்துக் காட்டலாம்.